உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு வீரரும் வெளிநாட்டு உரிமையும்: எதுவரை அனுமதிக்கலாம்?

கனகராயன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வந்திருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் ஊரவர்கள் சிலர் சேர்ந்து, கழகத்தின் உதைபந்தாட்ட அணியை மூன்று ஆண்டுகளுக்குப் பொறுப்பெடுக்க முன்வந்துள்ளார்கள். சீருடை, சப்பாத்து, பயிற்றுநரின் கொடுப்பனவு, மைதானத்துக்கு மின்னொளி என்று எல்லாச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். பதிலுக்கு, பயிற்றுநரை நியமிப்பதிலும் அணித் தெரிவிலும் இறுதி முடிவு தங்களுடையதாக இருக்க வேண்டும் என்றும், மாவட்ட லீக்கில் முதலிடம் பிடிப்பதற்காக வெளி மாவட்ட வீரர்களையும், கொழும்புக் கழகங்களுக்கு வந்து விளையாடும் ஆபிரிக்க வீரர்கள் ஓரிருவரையும் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

கூட்டத்தில் இது பாசத்தையும் கோபத்தையும் வைத்துத் தீர்மானிக்கப்படும் என்று அஞ்சுவதால்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி பல கோடி பவுண்ஸ் அளவில் ஏற்கெனவே எழுந்த இடம் இங்கிலாந்து. 1992 ஓகஸ்ற்றில் அங்கே முதல் தட்டு லீக்கான பிறீமியர் லீக் தொடங்கிய முதல் வாரத்தில் 22 கழகங்களின் தொடக்க அணிகளிலும் சேர்த்து, பிரித்தானியாவையோ அயர்லாந்தையோ சேராத வீரர்கள் 13 பேர் மட்டுமே இருந்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பர் 26 அன்று சவுத்தம்ரனுக்கு எதிராகச் செல்சி இறக்கிய பதினொருவரில் ஒருவர்கூடப் பிரித்தானியர் அல்லர்.

இடையில் நடந்தது பொஸ்மன் வழக்கு. பெல்ஜியத்தின் லீஜ் கழகத்தில் ஒப்பந்தம் முடிந்திருந்த ஜோன்-மார்க் பொஸ்மன் பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரை விடுவதற்கு லீஜ் விலை கேட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலையின்றி மாறலாம் என்பது ஒன்று. ஒன்றிய நாட்டவரை வெளிநாட்டவர் என்று எண்ணி எண்ணிக்கைக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்பது மற்றையது. அதுவரை ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டிகளில் மூன்று வெளிநாட்டவரும், அந்த நாட்டிலேயே நீண்டகாலம் விளையாடிய இருவரும் மட்டுமே களமிறங்கலாம் என்ற விதி இருந்தது. அந்த விதியின் கண்ணில் ஸ்கொட்லாந்துக்காரரும் வேல்ஸ்காரரும்கூட இங்கிலாந்துக் கழகத்துக்கு வெளிநாட்டவரே. 1994 நவம்பரில் பார்சலோனாவுக்குப் போன மன்செஸ்ரர் யுனைற்றட், கணக்கு இடிக்கிறது என்பதற்காகத் தனது டென்மார்க் கோல்காப்பாளர் பீற்றர் சுமைக்கலை வெளியே இருத்திவிட்டு விளையாடி, 4–0 என்று தோற்றுத் திரும்பியது.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. வெளியிலிருந்து வீரர் வருவது எனக்குப் பெரிய கவலை அன்று. கழகத்தைப் பற்றிய முடிவுகள் வெளியிலிருந்து வருவதுதான் கவலை. ஆனாலும் வீரர் விடயத்தை முதலில் பேசுவோம். ஊரில் சூடாக இருப்பது அதுதான்.

அளம்பில்காரி:

கனகராயன் அண்ணா, நல்ல நேரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவள் என்ற முறையில், வெளியாள் வருவதை ஆதரித்து எழுத விரும்புகிறேன்.

தன்னை விடத் திறமையானவரோடு பயிற்சி செய்யாத வீரர் ஓர் எல்லைக்கு மேல் வளர்வதில்லை. எரிக் கன்ரொனா 1992 இல் மன்செஸ்ரர் யுனைற்றட்டுக்கு வந்தபோது, வழமையான பயிற்சி முடிந்த பின்னும் தனியே நின்று பழகுகிற அவரது பழக்கம் அங்கிருந்த இளையவர்களைத் தொற்றிக்கொண்டதாக அந்தக் கழகத்தவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்த இளையவர்கள் டேவிட் பெக்கமும் போல் ஸ்கோல்ஸும் நெவில் சகோதரர்களும். ஒரு பிரெஞ்சுக்காரர் வந்ததால் அவர்களுடைய இடம் பறிபோகவில்லை. அதே போல 1996 இல் ஆர்சென் வெங்கர் ஆர்சனலுக்கு வந்து உணவு, உறக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றைத் திருத்தியதால் ரொனி அடம்ஸ், மார்ட்டின் கியோன் போன்ற ஆங்கிலேயப் பின்கள வீரர்களின் விளையாட்டு ஆயுள்தான் நீண்டது.

எங்கள் பக்கத்தைப் பாருங்கள். பள்ளிமுனை, பேசாலை என்று மன்னார்க் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக உதைபந்தாட்டம் ஊறிப்போன ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மத்தியகள வீரரை ஒரு பருவத்துக்கு அழைத்துவந்தால், பந்தை வாங்குமுன் தோளுக்கு மேலால் பின்னே திரும்பிப் பார்க்கிற அந்தச் சிறு பழக்கத்தை எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டு கற்றுக்கொள்வார்கள். நான் கரும்பலகையில் வட்டம் கீறி ஒரு தவணை முழுவதும் சொல்லிக் கொடுத்தாலும் அது வராது.

ஆகவே "வெளியாள் வேண்டாம்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை நான் எதிர்ப்பேன். எத்தனை பேர், எந்த இடத்தில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பதே முறை.

வவுனிக்குளத்தான்:

அக்கா எழுதியது தாளில் அழகாக இருக்கிறது. களத்தில் நடப்பது வேறு.

ஊருக்கு ஊர் நடக்கிற ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தகப்பனின் நினைவாகக் கிண்ணமும் பணப்பரிசும் வைப்பார்கள். பரிசுத்தொகை கூடக்கூட, அணிகளில் ஊர்ப் பெடியள் குறைவார்கள். அப்படியொரு இறுதிப் போட்டியில் எங்கள் பெயரைத் தாங்கி இறங்கிய பதினொருவரில் ஊரவர் இருவர்தான். மற்றவர்கள் அன்று காலை வானில் வந்து இறங்கியவர்கள். இரண்டு பேருடைய பெயர் அறிவிப்பாளருக்கே தெரியாமல் இலக்கத்தைச் சொல்லிச் சமாளித்தார். அந்தப் பருவம் முழுவதும் பயிற்சிக்கு வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன், முழங்கால் வரை காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ப் போத்தல் பெட்டிக்குப் பக்கத்தில் எண்பது நிமிடமும் நின்றான். கிண்ணம் வந்தது. அடுத்த பருவம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. மேசன் வேலைக்குப் போய்விட்டான்.

கன்ரொனா வந்ததால் பெக்கம் கெட்டுப்போகவில்லை என்பது சரி. ஆனால் அது கன்ரொனா ஒருவர். பத்துக் கன்ரொனாக்கள் வந்திருந்தால் பெக்கம் எங்கே நின்றிருப்பார்? 2005 பெப்ரவரியில் கிறிஸ்ரல் பலஸுக்கு எதிராக ஆர்சனல் பெயரிட்ட பதினாறு பேரில், மாற்று வீரர்களையும் சேர்த்து, ஒருவர்கூட ஆங்கிலேயர் இல்லை. 5–1 என்று வென்றார்கள் என்பதும் உண்மைதான். 2007 நவம்பரில் வெம்பிளியில் குரோஷியாவிடம் 3–2 என்று தோற்று, இங்கிலாந்து 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறாமலே போனது. லீக் உலகிலேயே பணக்கார லீக். தேசிய அணி வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்த்தது.

மாந்தை மைந்தன்:

வவுனிக்குளத்தான் அண்ணா, அந்தக் கதை 2008 உடன் முடியவில்லையே. பிறகு இங்கிலாந்து 2018 உலகக் கிண்ண அரையிறுதிக்கும், அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டிகளுக்கும் போனது. 2017 இல் 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணங்கள் இரண்டையும் வென்றது. இவ்வளவும் நடந்தபோது லீக்கில் வெளிநாட்டவர் தொகை குறைந்திருக்கவில்லை. 2012 இல் இளையோர் பயிற்சிக் கூடங்களுக்கான திட்டத்தை மாற்றி, கழகங்கள் அவற்றில் பெருமளவில் முதலிட்டதுதான் பெரிய காரணம் என்பது என் வாசிப்பு.

2010–11 பருவத்திலிருந்து 25 பேர் கொண்ட அணியில் உள்ளூரில் வளர்ந்தவர்கள் அல்லாதோர் 17 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆனால் அதில் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. 21 வயதுக்கு முன் மூன்று பருவங்கள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கழகமொன்றில் பதிவாகியிருந்தால் போதும். பதினாறு வயதில் பார்சலோனாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்த ஸ்பானியர் செஸ்க் பாப்ரிகாஸ் அந்தக் கணக்கில் உள்ளூர் வளர்ப்பு! வக்கீல் மூளை என்று சிரிக்கலாம். எனக்கென்னவோ அதுவே நியாயமான அளவுகோலாகப் படுகிறது. எங்கே பிறந்தாய் என்று கேட்காமல், எங்கே பழகினாய் என்று கேட்கிறது. இடப்பெயர்வில் எங்கெங்கோ பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறையில் "ஊரவன் யார்" என்று பிறப்புச் சான்றிதழை வைத்துத் தீர்மானிக்கப் போனால், பாதி அணி மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டி வரும்.

எங்களுக்குக் கிட்டிய பாடம் இங்கிலாந்து அன்று, இந்தியா. 2014 இல் இந்திய சுப்பர் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர். 2017–18 இல் ஐந்து. 2021–22 இல் நான்கு. ஆட்களைக் குறைத்தார்கள், ஆனால் அவர்கள் நிற்கும் இடம் மாறவில்லை. கோல் அடிக்கிற இடத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டவரையே வாங்கினார்கள். விளைவு என்னவென்றால், 2024 ஜூனில் ஓய்வு பெற்ற முன்கள வீரர் சுனில் சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் தேசிய அணி திரும்ப அழைத்தது. இவ்வளவு பெரிய நாட்டில் அந்த இடத்துக்கு ஆள் பழகவில்லை. எங்கள் கழகங்களும் வெளியாள் பிடிக்கும்போது முதலில் பிடிப்பது முன்கள வீரரைத்தான். பின்களத்தில் ஊர்ப் பெடியன் நின்று பந்தைத் தூக்கி அடிப்பான், கோல் அடிப்பது வந்தவன்.

அளம்பில்காரி:

மாந்தை மைந்தன் தம்பி சொன்ன கடைசி விடயத்தை முழுமையாக ஏற்கிறேன். என் பிள்ளைகளில்கூட, எதிரணியில் வெளியூர் முன்கள வீராங்கனை வந்துவிட்டால் எங்களவர்கள் எல்லோரும் பின்களத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

புதுவையூரான்:

நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்ட பிரேரணையோடு எனக்குத் தொடர்பில்லை. ஆனால் அதே போன்ற ஓர் ஊர்ச் சங்கத்தில் பல ஆண்டுகள் பணம் சேர்த்தவன். பணம் அனுப்புகிறவர்களின் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

ஒரு கழகத்துக்கு நாங்கள் சேர்த்து அனுப்பிய பணத்தில் கோல் கம்பங்களும் வலையும் வாங்கப்பட்டதாகச் சொன்னார்கள். படம் கேட்டோம், வந்த படத்தில் இருந்தது பக்கத்துப் பாடசாலையின் கோல் கம்பம் என்பதை இங்கிருந்த அந்தப் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவரே கண்டுபிடித்தார். கணக்குக் கேட்டால் "எங்களை நம்பவில்லையா" என்ற மனத்தாங்கல். இரவு வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. அதனால்தான் கொடுக்கிறவர்கள் இப்போது முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கேட்கிறார்கள். அதை ஆதிக்க ஆசை என்று மட்டும் வாசிக்காதீர்கள்.

வெளிநாட்டு உரிமையாளர் என்றாலே கெடுதல் என்பதற்கும் ஆதாரம் போதாது. லெஸ்ரர் சிற்றியைத் தாய்லாந்தின் விச்சாய் 2010 இல் வாங்கினார்; இரண்டாம் தட்டு லீக்கில் இருந்த கழகம் 2016 இல் பிறீமியர் லீக்கை வென்றது. 2018 இல் மைதானத்துக்கு வெளியே உலங்குவானூர்தி விபத்தில் அவர் இறந்தபோது அந்த நகரம் அழுததை நாங்கள் இங்கே பார்த்தோம். மறுபக்கம், 2019 இல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்ட பெரி கழகத்தின் உரிமையாளர் ஆங்கிலேயர். 2021 இல் கடன் முற்றி வங்குரோத்து நிர்வாகிகளின் கையில் வீழ்ந்த டார்பி கவுண்டியின் உரிமையாளர் அந்த ஊர்க்காரரே. நூறாண்டுக்கு மேல் பழைமையான பெரியை உள்நாட்டவர் காப்பாற்றவில்லை. ஆகவே பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை எடைபோடுவதை விட்டுவிடுவோம்.

கனகராயன்:

புதுவையூரான் தம்பி, கோல் கம்பக் கதையை வாசித்து வெட்கப்பட்டேன். கணக்குக் கேட்கும் உரிமையில் எனக்கு மறுப்பே இல்லை. பெரியையும் டார்பியையும் நீங்கள் எடுத்துக் காட்டியது சரியான அடி. நாட்டுரிமை ஒருவரை நல்ல உரிமையாளர் ஆக்குவதுமில்லை, கெட்ட உரிமையாளர் ஆக்குவதுமில்லை.

ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறது. விம்பிள்டன் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 இல் இங்கிலாந்தின் நாடளாவிய கிண்ணப் போட்டியான எப்.ஏ. கிண்ணத்தில் லிவர்பூலை வென்ற, தெற்கு லண்டனின் சிறிய கழகம். பின்னாளில் அது நோர்வே முதலாளிகள் இருவரின் கைக்குப் போனது. கழகத்துக்கென்று சொந்த மைதானம் இல்லை, நட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கணக்கில் தீர்வு எளிது: கழகத்தைத் தூக்கிக்கொண்டுபோய் லண்டனுக்கு வெளியே ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ள மில்ரன் கீன்ஸில் வைப்பது. 2002 மே மாதம் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஊரில் இருந்து நடந்துபோய்ப் போட்டி பார்க்கிற ஒருவருக்கு அந்தத் தீர்வு மனதில் உதித்திருக்காது. ஆதரவாளர்கள் அதே ஆண்டில் ஒரு பொது வெளியில் வீரர் தேர்வு வைத்து, ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று அடித்தட்டு லீக்கில் இருந்து தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டுகளில் தொழில்முறை லீக்குக்கு ஏறி, 2020 இல் பழைய தெருவிலேயே புதிய மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

தூரத்தின் இன்னொரு முகம் கார்டிப் சிற்றி. மலேசிய உரிமையாளர் வின்சென்ற் ரான் 2012 இல் அவர்களுடைய நீலச் சீருடையைச் சிவப்பாக்கினார். ஆசியாவில் சிவப்புக்கு நல்ல வரவேற்பு என்பது காரணம். அந்தக் கழகத்தின் செல்லப்பெயரே நீலப் பறவைகள்! 2015 ஜனவரியில் எதிர்ப்புத் தாங்காமல் நீலத்துக்குத் திரும்பினார். இத்தனைக்கும் சிவப்பு அணிந்த முதல் பருவத்திலேயே அவர்கள் பிறீமியர் லீக்குக்குத் தரமுயர்ந்தார்கள். வெற்றி கிடைத்தும் மனம் ஆறவில்லை.

பணம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிளேசர் குடும்பம் 2005 இல் மன்செஸ்ரர் யுனைற்றட்டை ஏறத்தாழ 790 மில்லியன் பவுண்ஸுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனின் சுமை கழகத்தின் தலையிலேயே வைக்கப்பட்டது. கடனில்லாமல் இருந்த கழகம், தன்னை வாங்கிய செலவுக்கான வட்டியைத் தானே கட்டத் தொடங்கியது. பிளக்பேர்ன் ரோவர்ஸ் வேறு மாதிரி. உள்ளூர் உருக்கு வணிகர் ஜக் வோக்கரின் பணத்தில் 1995 இல் பட்டம் வென்ற கழகம் அது. 2010 இல் புனேயின் கோழி இறைச்சி நிறுவனமான வெங்கீஸ் அதை வாங்கி, ஒரு மாதத்துக்குள் அனுபவசாலியான முகாமையாளரை நீக்கியது. 2012 இல் கழகம் தரமிறங்கியது. தரமிறக்கம் உறுதியான அந்தப் போட்டியிலேயே ஆதரவாளர்கள் களத்துக்குள் ஓர் உயிர்க்கோழியை விட்டார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று: வெங்கீஸ் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை, நட்டத்தைத் தொடர்ந்து நிரப்பியது. அவர்களிடம் குறைந்தது பணம் அன்று. அந்த ஊர் என்ன நினைக்கிறது என்று காதில் விழுகிற தூரம்.

கடைசியாகச் செல்சி. 2003 இல் வாங்கிய அப்ரமோவிச் கழகத்தைப் பட்டங்களால் நிறைத்தார். 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டிப் பிரித்தானிய அரசு அவர்மீது தடை விதித்தபோது, கழகம் புதிய நுழைவுச்சீட்டு விற்க முடியவில்லை, கடையைத் திறக்க முடியவில்லை, வீரர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. விற்பனை முடிகிற மே மாதக் கடைசி வரை விசேட அனுமதிப்பத்திரம் ஒன்றில்தான் மூச்சுவிட்டது. உரிமையாளரின் நாட்டில் நடக்கிற விடயம் இங்கே கழகத்தின் கழுத்தைப் பிடித்தது. எங்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு அப்படியொன்றும் நடக்காது என்று சிரிக்க வேண்டாம். வட்டி வீதம் ஏறி வீட்டுக்கடன் கூடினாலே போதும், எங்கள் மின்னொளிக் கட்டணம் நின்றுவிடும்.

வவுனிக்குளத்தான்:

சீனாவின் ஜியாங்சு கழகம் 2020 இல் நாட்டின் சம்பியன். 2021 பெப்ரவரியில் உரிமையாளரான சுனிங் நிறுவனம் கையை விரித்தது, கழகமே நின்றுபோனது. வெளிநாட்டு வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் கொட்டிய லீக்கின் சம்பியனுக்கு அந்தக் கதி. உள்நாட்டு முதலாளிதான், புதுவையூரான் சொன்னதற்குச் சாட்சி. ஆனாலும் ஒரே கையை நம்பியிருப்பதன் விலை அது.

அளம்பில்காரி:

ஜேர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1998 இல் கழகங்கள் தங்கள் உதைபந்தாட்டப் பிரிவைக் கம்பனியாக்க அனுமதித்தபோதே, வாக்குரிமையில் பாதியும் மேலும் ஒரு வாக்கும் அங்கத்தவர் கையில் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். முதலீட்டாளர் எவ்வளவு பணமும் போடலாம். இறுதிக் கை அங்கத்தவருடையது. லெவர்குசன், வொல்ப்ஸ்பேர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. லைப்சிக் கழகத்தில் அங்கத்துவத்தையே ஒரு கைப்பிடிப் பேருக்குச் சுருக்கி, எழுத்தைக் காப்பாற்றி எண்ணத்தைக் கைவிட்டதாகக் குற்றச்சாட்டும் உண்டு. அந்தத் தளர்வுகளை வைத்து விதியே பொய் என்று சொல்ல முடியாது. 2024 பெப்ரவரியில், ஒளிபரப்பு வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஆதரவாளர்கள் வாரக்கணக்கில் ரெனிஸ் பந்துகளைக் களத்துக்குள் எறிந்து போட்டிகளை நிறுத்தினார்கள். லீக் திட்டத்தைக் கைவிட்டது.

எங்கள் கழகங்கள் ஏற்கெனவே அங்கத்தவர் கழகங்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவு, யாப்பு, வருடாந்தப் பொதுக்கூட்டம், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாம் இருக்கின்றன. ஜேர்மனியர் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற ஒன்றை நாங்கள் மின்னொளிக்காகக் கையளிக்கப் போகிறோமா?

புதுவையூரான்:

அக்கா, யாப்பு இருக்கிறது என்பதும் யாப்புப்படி நடக்கிறது என்பதும் ஒன்றல்ல. எத்தனை கழகங்களில் பொதுக்கூட்டம் ஒழுங்காகக் கூடுகிறது? ஒரே தலைவர் பத்தாண்டுகள் இருக்கிற கழகத்தில் "அங்கத்தவர் உரிமை" என்பது அந்தத் தலைவரின் உரிமைதான். ஜேர்மனியில் அது இயங்குவதற்குக் காரணம் ஆயிரக்கணக்கான அங்கத்தவர் சந்தா கட்டி வாக்களிக்க வருவது.

ஆனாலும் அணித் தெரிவை லண்டனில் இருந்து செய்வது அபத்தம் என்பதை ஏற்கிறேன். கைப்பேசி ஒளிப்பதிவை வைத்து ஒரு பையனின் இடது காலை மதிப்பிட முடியாது. பயிற்றுநர் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சம்பளம் கொடுக்கிறவருக்கு அதில் ஒரு குரல் இருக்க வேண்டும்.

போட்ஸ்மத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2008 இல் எப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம், 2009–10 என்ற ஒரே பருவத்தில் கை மாறி மாறிப் போய், நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பிறீமியர் லீக் கழகம் ஆனது. நான்காம் தட்டு வரை விழுந்த அதை 2013 இல் ஆதரவாளர்கள் பங்குப் பணம் சேர்த்து வாங்கி, கடனை அடைத்து நிமிர்த்தினார்கள். பிறகு 2017 இல் அவர்களே வாக்களித்து அமெரிக்கரான மைக்கல் ஐஸ்னருக்கு விற்றார்கள். ஆதரவாளர் கையில் கழகம் உயிர்பிழைக்கும். மேலே ஏறுவதற்குப் பணம் வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நிபந்தனை போட்டு, தங்கள் விருப்பில், நல்ல நிலையில் நின்று விற்றார்கள். நீங்களும் அப்படிப் பேரம் பேசலாமே. வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், பணம் அடுத்த ஊருக்குப் போகும்.

மாந்தை மைந்தன்:

அடுத்த ஊருக்குப் போனால் போகட்டும், அங்கேயும் பெடியள்தானே விளையாடுகிறார்கள்.

ஒரு கேள்வி. புலம்பெயர்ந்த ஊரவரின் பிள்ளை, ஜேர்மனியிலோ கனடாவிலோ இளையோர் அணியில் பழகியவன், கோடை விடுமுறையில் வந்து எங்களுக்கு விளையாடினால் அவன் வெளிநாட்டு வீரனா? இலங்கைத் தேசிய அணிக்கே பேர்ளினில் பிறந்த வசீம் ராசிக்கையும் இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வாவையும் அழைத்தார்கள். அங்கே ஏற்றுக்கொண்டதை மாவட்ட லீக்கில் எப்படி எண்ணுவது?

வவுனிக்குளத்தான்:

என் கணக்கில், மாரியில் சேறு மிதித்துப் பயிற்சிக்கு வந்தவன் உள்ளூரவன். ஓகஸ்ற் மாதம் மட்டும் வருகிறவன் விருந்தாளி. விருந்தாளி விளையாடட்டும், ஆனால் வெளியாள் எண்ணிக்கைக்குள் வரட்டும். தகப்பன் பணம் கொடுத்தார் என்பதற்காக மகனுக்கு இடம் என்று தொடங்கினால், அது ஆபிரிக்க வீரரை வாங்குவதை விடக் கேடு. வாங்கிய வீரருக்காவது விளையாடத் தெரிந்திருக்கும்.

கனகராயன்:

வவுனிக்குளத்தானின் கடைசி வரியைக் கூட்டத்தில் வாசித்தால் சண்டை வரும். ஆனாலும் நியாயம் அதில் இருக்கிறது.

இதுவரை பேசியதை வைத்து, பிரேரணைக்கு ஒரு திருத்தம் எழுதியிருக்கிறேன். வீரர் விடயத்தில்: களத்தில் ஒரே நேரத்தில் மூன்று வெளியாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது, அவர்களில் ஒருவருக்கு மேல் முன்களத்தில் நிற்கக்கூடாது. முந்திய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது எங்கள் கழகத்திலோ பிரதேசத்தின் பாடசாலைகளிலோ பழகியவர் உள்ளூரவர். எங்கே பிறந்தார் என்ற கேள்வி இல்லை. அழைத்துவரப்படும் ஒவ்வொரு வெளி வீரரும் கிழமையில் ஒரு மாலை 16 வயதுக்குட்பட்டோருடன் பயிற்சியில் நிற்க வேண்டும். இது அளம்பில்காரி தங்கச்சி சொன்னதற்காகச் சேர்த்தது.

பணத்தில்: கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கொடுப்பவர் சார்பில் ஊரில் இருக்கும் ஒருவர் மூன்றாவது கையொப்பம், பற்றுச்சீட்டுகளின் படம் மாதா மாதம். பயிற்றுநரைத் தெரிவு செய்யும் குழுவில் ஐவரில் இருவர் அவர்களுடையவர்கள். புதுவையூரான் கேட்ட குரல் அதில் இருக்கிறது, பெரும்பான்மை இல்லை. வாக்குறுதி அளிக்கப்பட்ட மூன்று ஆண்டுச் செலவில் ஓர் ஆண்டுக்கு உரியது முன்கூட்டியே நிலையான வைப்பில் இடப்பட வேண்டும். அவர்கள் இடையில் விலகினால், பயிற்றுநரின் சம்பளமும் மின்கட்டணமும் பருவம் முடியும் வரை அதிலிருந்து போகும்.

இன்னொன்று, செல்சியிடம் கற்றது. அந்தக் கழக மைதானத்தின் காணியும் "செல்சி உதைபந்தாட்டக் கழகம்" என்ற பெயரும் ஆதரவாளர்கள் பங்கு வைத்திருக்கும் தனிக் கம்பனி ஒன்றின் கையில் இருக்கின்றன. 2011 இல் அப்ரமோவிச்சின் கழகம் காணியைத் திரும்ப வாங்கக் கேட்டபோது, வேண்டிய 75 வீத வாக்குக் கிடைக்கவில்லை. உலகப் பணக்காரர் ஒருவர் எதையும் வாங்கக்கூடிய ஊரில், ஆதரவாளர்கள் அந்த ஒன்றை மட்டும் விற்கவில்லை. இங்கிலாந்திலும் 2025 இல் நிறைவேறிய சட்டம், மைதான விற்பனையையும் சீருடை நிறத்தையும் இலச்சினையையும் உரிமையாளரின் தனி விருப்பத்துக்கு விடவில்லை. எங்கள் மைதானம் பிரதேச சபைக்குச் சொந்தம், அதை யாரும் வாங்க முடியாது. பெயர், நிறம், இலச்சினை மூன்றும் எந்த ஒப்பந்தத்திலும் சேராது, பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கின்றி மாறாது என்று யாப்பில் ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

யாப்புத் திருத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்று எங்கள் செயலாளர் சொல்கிறார். மற்றக் கழகங்களிலும் அப்படித்தானா? விளையாட்டு உத்தியோகத்தரிடம் திருத்தத்தைக் கையளித்த அனுபவம் உள்ளவர்கள், எந்தப் பிரதிகளைக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதுங்கள்.

அளம்பில்காரி:

கூட்ட அறிக்கையின் பிரதி, வருகைக் கையொப்பப் பட்டியல், பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்துப் பக்கமாக வைத்த தாள், தலைவர், செயலாளர் கையொப்பத்துடன் ஒரு கடிதம். எங்கள் கழகத்துக்கு இவை போதுமாக இருந்தன. வருகைப் பட்டியலில் அங்கத்துவ இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள் அண்ணா. அது இல்லாமல் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.